சனிக்கிழமைக் காலையும் சாம்பல் நிறப் பெட்டியும்

1993 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஹங்கேரியின் பிள்ளைகள் அரசுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து ‘டக்டேல்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடீஸ்வர வாத்து ஸ்க்ரூஜ் மெக்டக், அவருக்குப் பேரன் முறையாகும் மூன்று வாத்துக் குஞ்சுகள், புதையல் வேட்டை. வழக்கமாக வரும் கதைதான். அன்று கதையின் நடுவே படம் நின்றது. துயர இசை ஒலித்தது, பிறகு அறிவிப்பு வந்தது: பிரதமர் யோஜெஃப் அன்டால் காலமானார். கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு சுதந்திரமான தேர்தலில் வென்று வந்த முதல் பிரதமர் அவர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதன் கனம் எங்கே தெரியும்? கதை பாதியில் அறுந்ததுதான் மனதில் தங்கியது. அன்றைய சிறுவர் சிறுமியரை ஹங்கேரியில் ‘டக்டேல்ஸ் தலைமுறை’ என்றே சொல்கிறார்கள்.

ஒரு நாட்டின் அரசியலில் முக்கியமான ஒரு நாளை, கடல் கடந்து வந்த ஒரு கார்ட்டூனை வைத்து ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. இதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிட முடியாது. அந்தக் கார்ட்டூனும் அதன் கூடப் பிறந்த மற்ற கார்ட்டூன்களும் வீடியோ கேம்களும் 1980களில் பிள்ளைகளிடம் பொருள் விற்பதற்கென்றே பெருமளவில் தயாரிக்கப்பட்டவை. வாங்கிப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பழைய சரக்கைத் திரும்ப எடுத்துப் புரட்டினார்கள், திட்டினார்கள், கொண்டாடினார்கள், யார் செய்தது, ஏன் இப்படிச் செய்தார்கள் என்று துருவினார்கள். தயாரித்த நிறுவனங்கள் எழுதாமல் விட்ட வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டது.

அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை என்றாலே கார்ட்டூன் என்ற வழக்கம் 1960களில் வேரூன்றியது. பெரியவர்கள் தாமதமாக எழும் நாள். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னால் தனியாக இருக்கும் நேரம். விளம்பரக்காரர்களுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. ஆனால் எல்லைக்கோடு ஒன்று அப்போது இருந்தது. 1969-ல் ‘ஹாட் வீல்ஸ்’ பொம்மைக் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் வந்தபோது, முழு நிகழ்ச்சியுமே விளம்பரமாக இருக்கிறதே என்று எதிர்ப்புக் கிளம்பியது. மத்திய தகவல் தொடர்பு ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெகி சாரென் என்ற தாய் 1968-ல் தொடங்கிய குழந்தைகள் தொலைக்காட்சி இயக்கம் இந்தக் கோட்டைக் காப்பதற்காக ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டே இருந்தது.

1981-ல் ரீகன் ஆட்சிக்கு வந்தார். ஆணையத்தின் தலைவராக மார்க் ஃபவுலர் அமர்த்தப்பட்டார். தொலைக்காட்சியும் வீட்டில் இருக்கும் இன்னொரு மின்சாதனம்தான், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கொள்கை. 1983-ல் மேட்டல் நிறுவனத்தின் பொம்மை வரிசையை வைத்து ‘ஹீ-மேன்’ தொடர் வந்தது: ஒரே பருவத்தில் 65 பகுதிகள், வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பலாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஹீ-மேன் பிள்ளைகளைப் பார்த்து ஒரு நீதி சொல்வார். 1984-ல் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பர நேரக் கட்டுப்பாட்டையே ஆணையம் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்தது. ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்துவந்த ரோபோ பொம்மைகளை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் வாங்கியபோது அவற்றுக்குக் கதை கிடையாது, குணம் கிடையாது. மார்வெல் காமிக்ஸில் இருந்த பாப் புடியான்ஸ்கி உட்கார்ந்து பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் சுபாவமும் எழுதினார். பொம்மை முதலில், கதாபாத்திரம் பிறகு.

இதன் கொடூரமான விளைவை 1986-ல் திரையரங்குக்குப் போன பிள்ளைகள் அனுபவித்தார்கள். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ முழுநீளப் படத்தின் தொடக்கத்திலேயே தலைவன் ஆப்டிமஸ் பிரைம் இறந்துவிடுகிறான். அவனோடு பழைய ஆட்கள் பலரும் போகிறார்கள். காரணம் கதையில் இல்லை, கடையில் இருந்தது. பழைய பொம்மைகளின் விற்பனைக் காலம் முடிந்து புதிய வரிசை வரவேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் வீட்டுக்கு வந்துபோன ஒருவனைப் பட்டியலில் இருந்து அடிப்பதுபோல அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் தியேட்டரில் கதறினார்கள், பெற்றோர்கள் கடிதம் எழுதினார்கள். 1987-ல் வந்த ‘ஜி.ஐ. ஜோ’ படத்தில் டியூக் என்ற வீரனும் சாக வேண்டியவன். இந்த எதிர்ப்புக்குப் பயந்து, அவன் கோமாவில் இருக்கிறான் என்று வசனத்தை மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளின் கண்ணீர் ஒரு நிறுவனத்தின் முடிவை மாற்றிய தருணம் அது. இணைய விமர்சகர்கள் பிற்காலத்தில் ஆப்டிமஸ் பிரைம் சாகும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியதில் வியப்பில்லை. தங்கள் பிரியத்துக்கு விலை போட்டிருந்தார்கள் என்று பலருக்கும் புரிந்த இடம் அதுதான்.

வீடியோ கேமின் கதை இதற்குப் பக்கத்திலேயே ஓடியது. அமெரிக்காவில் 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் சந்தை 1985-ல் 10 கோடி டாலருக்குச் சரிந்தது. யார் வேண்டுமானாலும் அட்டாரி நிறுவனத்தின் இயந்திரத்துக்குக் கேம் போடலாம் என்றிருந்ததால் கடைகளில் குப்பை குவிந்துகிடந்தது. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே கதவைச் சாத்தினார்கள். ஜப்பானில் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற பெயரில் வெற்றி பெற்றிருந்த இயந்திரத்தை நிண்டெண்டோ 1985 அக்டோபரில் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தபோது, அதன் உருவத்தையே மாற்றியது. சிவப்பும் வெள்ளையுமாக இருந்த பெட்டி, வி.சி.ஆர். போலச் சாம்பல் நிறமாயிற்று. கூடவே ஒரு குட்டி ரோபோவை வைத்து, இது பொம்மை என்று சொல்லிக் கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் இருந்தது. நிண்டெண்டோவின் அனுமதி இல்லாத கேசட் ஓடாது. கேம் போடும் நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது, கேசட்டுகளை நிண்டெண்டோதான் தயாரிக்கும், முன்பணம் கட்டி மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் தங்க நிறத்தில் தர முத்திரை இருக்கும். விளையாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை என்பதைப் பிள்ளைகள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

கார்ட்டூனும் கேமும் கைகோப்பது வெகு விரைவில் நடந்தது. 1982-லேயே ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘பேக்-மேன்’ கார்ட்டூனாகிவிட்டது. 1989-ல் மரியோவுக்கு ஒரு தொடர். மல்யுத்த உலகின் கேப்டன் லூ அல்பானோ மீசையும் தொப்பியுமாக மரியோ வேடம் கட்டினார். அதே ஆண்டு என்.பி.சி.யில் வந்த ‘கேப்டன் என்’ தொடரில் ஒரு பள்ளி மாணவன் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இழுக்கப்பட்டு நிண்டெண்டோ நாயகர்களோடு சேர்ந்து சண்டை போடுவான். மறுபக்கம் கார்ட்டூன்கள் கேம்களாயின. அவற்றில் ஒன்று இன்றும் மெச்சப்படுகிறது: 1989-ல் கேப்காம் வெளியிட்ட ‘டக்டேல்ஸ்’. ‘மெகா மேன்’ விளையாட்டுகளில் கைதேர்ந்த குழு அது. ஸ்க்ரூஜ் தன் கைத்தடியை ஊன்றி எகிறி எகிறிக் குதிப்பதை அத்தனை இன்பமாக வடித்திருந்தார்கள். நிலவுக் கட்டத்துக்கு ஹிரோஷிகே டோனோமுரா போட்ட மெட்டை, அந்த விளையாட்டைத் தொடாதவர்களும் இன்று பியானோவிலும் கிதாரிலும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் அப்படி அமையவில்லை. ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்’ 1984-ல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் சொந்தமாக அச்சடித்த கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ். 1987 இறுதியில் கார்ட்டூனாகி, பொம்மையாகி, நாட்டையே பிடித்துக்கொண்டது. 1989-ல் கொனாமி இதைக் கேமாக்கியது. ஆண்டுக்கு ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே கொனாமி தொடங்கியிருந்த அல்ட்ரா என்ற பெயரில் அது வெளிவந்தது. வாங்கிய பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி அட்டையிலேயே இருந்தது: கார்ட்டூனில் நான்கு ஆமைகளுக்கும் நான்கு நிறப் பட்டி, அட்டையில் எல்லோருக்கும் சிவப்பு. உள்ளே போனால் கார்ட்டூனில் இல்லாத எதிரிகள். இரண்டாவது கட்டத்தில் அணை. தண்ணீருக்கடியில் 2 நிமிடம் 20 நொடிக்குள் எட்டு வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இருபுறமும் மின்சாரம் பாயும் பாசி, உரசினால் உயிர் குறையும், சந்தோ ஆமையின் உடம்பை ஒட்டியே இருக்கும். லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த அணையைத் தாண்டவே இல்லை. இருந்தும் அந்தக் கேசட் உலகம் முழுக்க 40 லட்சம் அளவுக்கு விற்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் வியாபாரம் விளங்கும்: விற்றது ஆமைகளின் படம், விளையாட்டு எப்படி இருந்தாலும் பணம் வந்துவிட்டது.

இந்த வகையில் அதிகச் சாபம் வாங்கிய பெயர் எல்.ஜே.என். ஜாக் ஃப்ரீட்மன் 1970-ல் தொடங்கிய பொம்மை நிறுவனம் அது. 1980களின் பிற்பகுதியில் ‘ஜாஸ்’, ‘கராத்தே கிட்’, ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’, ‘பேக் டு த ஃப்யூச்சர்’ என்று புகழ்பெற்ற படங்களின் உரிமையை வாங்கி நிண்டெண்டோவுக்குக் கேம்களாக வெளியிட்டது. கேசட்டின் மேல் வானவில் நிறத்தில் அதன் பெயர் இருக்கும். அந்த வானவில்லைப் பார்த்தாலே பழைய ஆட்டக்காரர்களுக்குக் கசக்கும். ஆனால் அந்த விளையாட்டுகளில் ஒன்றையும் எல்.ஜே.என். தன் கையால் செய்யவில்லை. ஜப்பானின் அட்லஸ், ஆஸ்திரேலியாவின் பீம், இங்கிலாந்தின் ரேர் போன்ற நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து வாங்கியது. அவற்றில் சில, வேறிடங்களில் அருமையான விளையாட்டுகளைச் செய்தவை. பொம்மைக் கடைக்காரரின் அவசரமும் திரைப்பட உரிமையின் கெடுவும் சேர்ந்தால் நல்ல கலைஞனின் வேலையும் எப்படிக் கெடும் என்பதற்கு எல்.ஜே.என். ஒரு பாடநூல். இந்த உண்மையைத் தோண்டி எடுத்துப் பொது அறிவாக்கியவர்கள், சிறுவயதில் அந்தக் கேசட்டுகளால் நொந்தவர்களே.

அன்று பிள்ளைகளுக்கு உண்மை சொல்ல யாரும் இருந்தார்களா? ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ என்ற இதழ் 1981-லேயே வந்தது, சந்தை சரிந்தபோது கூடவே போயிற்று. 1988-ல் தொடங்கிய ‘நிண்டெண்டோ பவர்’ இதழ்தான் ஒவ்வொரு வீட்டிலும் கிடந்தது. அதை நடத்தியது நிண்டெண்டோ நிறுவனமே. படங்களும் வழிகாட்டி வரைபடங்களும் அழகாக இருக்கும். விற்கிறவரே எழுதும் இதழில் ‘இதை வாங்காதே’ என்ற வரி எப்படி வரும்? வாடகைக் கடைகள்தான் பிள்ளைகளுக்கு ஒரே பாதுகாப்பு: வெள்ளிக்கிழமை எடுத்து ஞாயிற்றுக்கிழமை திருப்பலாம். அதையும் நிறுவனங்கள் விரும்பவில்லை. கையேடுகளை நகலெடுத்துக் கொடுத்ததற்காக 1989-ல் பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடை நிறுவனத்தின் மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது. வாரக்கடைசிக்குள் முடித்துவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்கப் பதிப்புகளின் கடினத்தைக் கூட்டியதும் உண்டு. 1994-ல் வந்த ‘கான்ட்ரா: ஹார்ட் கோர்’ விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் மூன்று அடி வாங்கினால்தான் ஓர் உயிர் போகும், அமெரிக்காவில் ஒரே அடி.

அதனால் அந்தத் தலைமுறைக்குள் ஒரு கேள்வி கிடந்தது: எனக்குத்தான் ஆடத் தெரியவில்லையா, விளையாட்டே கோளாறா?

1990களின் இறுதியில் இணையம் வீடுகளுக்குள் வந்தபோது முதல் பதில்கள் எழுத்தாக வந்தன. சீன்பேபி என்ற பெயரில் எழுதியவர், நிண்டெண்டோவின் மிக மோசமான விளையாட்டுகளைப் பட்டியலிட்டு வயிறு குலுங்க எழுதினார். 1999-ல் மார்க் பஸ்லர் ‘கிளாசிக் கேம் ரூம்’ என்ற காணொளி விமர்சனத்தைத் தொடங்கினார். யூடியூப் பிறப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முந்தைய முயற்சி. ஜப்பானில் 2003 நவம்பரில் ஃபூஜி தொலைக்காட்சியின் செயற்கைக்கோள் அலைவரிசையில் ‘கேம் சென்டர் சி.எக்ஸ்.’ ஆரம்பமானது. நகைச்சுவைக் கலைஞர் ஷின்யா அரினோ அலுவலகச் சீருடை போட்டுக்கொண்டு, பழைய ஃபேமிகாம் விளையாட்டு ஒன்றை முடித்தே தீருவது என்று உட்காருவார். அவர் கெட்டிக்கார ஆட்டக்காரர் இல்லை. மணிக்கணக்கில் தோற்பார், நெற்றியில் குளிர்பட்டியை ஒட்டிக்கொள்வார், உதவியாளர்களிடம் ஆலோசனை கேட்பார், ஒருவழியாகக் கரை சேர்வார். விளையாட்டைச் செய்தவர்களையும் நேரில் பார்த்துப் பேசுவார்கள். பார்ப்பவர்கள் அவருடைய பொறுமையில் தங்கள் சிறுவயதின் நீண்ட பிற்பகல்களைப் பார்த்தார்கள். இந்த வகை நிகழ்ச்சிகளில் மனிதத்தன்மை நிறைந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பாதை வேறாக இருந்தது. பிலடெல்ஃபியாவில் திரைப்படக் கலை படித்த ஜேம்ஸ் ரோல்ஃப் 2004-ல் நண்பர்கள் பார்ப்பதற்காக ஒரு சிறு காணொளி எடுத்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனாக்கள், மூக்குக்கண்ணாடி, அடக்க முடியாத கோபம். எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘கேசில்வேனியா’ வரிசையின் இரண்டாம் பாகமான ‘சைமன்ஸ் க்வெஸ்ட்’. அதில் ஒரு மலைமுகட்டின் முன்னால் சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சூறாவளி வந்து தூக்கிப்போகும். மண்டியிடாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். விளையாட்டுக்குள் வரும் குறிப்புகளோ மொழிபெயர்ப்பில் குழம்பிப்போனவை. ரோல்ஃபின் கேள்வி எளிமையானது: இதை ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? 2006-ல் மைக் மாட்டே என்ற நண்பரின் தூண்டுதலால் இந்தக் காணொளிகள் யூடியூபுக்கு வந்தன. டர்ட்டில்ஸ் அணையும் வந்தது, எல்.ஜே.என். வானவில்லும் வந்தது. ‘ஆங்க்ரி வீடியோ கேம் நெர்ட்’ என்ற பெயர் உலகம் சுற்றியது.

அவருடைய வசைச்சொற்கள்தான் முதலில் காதில் விழும். அவற்றைத் தாண்டிக் கவனித்தால் வேறொன்று தெரியும். பெட்டி, கையேடு, விளம்பரம், கைப்பிடியின் வடிவம், பொத்தான் அழுத்தினால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றையும் படம்பிடித்துக் காட்டுவார். குற்றச்சாட்டுக்குச் சான்று திரையிலேயே இருக்கும். உலகத்தின் ஏதோ மூலையில் பார்த்துக்கொண்டிருப்பவர், அந்த அணையில் செத்தது நான் மட்டுமில்லை என்று தெரிந்துகொள்வார். அந்தப் பொதுத்தன்மைதான் இந்த வகை விமர்சனத்தின் பலம். விளையாட்டின் வடிவமைப்பு என்றால் என்ன, ஒரு தவறு வீரனுடையதா வடிவமைத்தவருடையதா என்று பிரித்துப் பார்க்க ஒரு முழுத் தலைமுறை இந்த உரத்த கோபத்தின் வழியாகத்தான் கற்றது.

கார்ட்டூன் பக்கம் 2007-ல் டக் வாக்கர் ‘நொஸ்டால்ஜியா கிரிட்டிக்’ என்ற பெயரில் அதே வேலையைத் தொடங்கினார். அவருடைய தளத்தில் 2008-ல் சேர்ந்த லிண்ட்சே எல்லிஸ், பெண் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த படங்களையும் தொடர்களையும் எடுத்துப் பேசினார். பிறகு தனியாகப் போய், மணிக்கணக்கில் ஓடும் ஆழமான காணொளிக் கட்டுரைகளைச் செய்தார். 2020-ல் அவருடைய முதல் நாவல் வந்தது. கத்துவதில் தொடங்கிய கலை ஆராய்ச்சியாக முதிர்ந்ததற்கு அவரே கண்முன் இருக்கும் உதாரணம். கேம் உலகில் அதே முதிர்ச்சியை நார்மன் கருசோவின் ‘கேமிங் ஹிஸ்டோரியன்’ காணொளிகளில் பார்க்கலாம். காப்புரிமை வழக்குகளின் ஆவணங்களையும் பழைய நாளிதழ்களையும் தேடிப் படித்து, டெட்ரிஸின் உரிமை சோவியத் அரசிடம் இருந்து யார் யார் கைக்குப் போனது என்பதைத் திரைப்படம்போலச் சொன்னார். ஜெரமி பாரிஷ் எடுத்துக்கொண்டதோ வேறு வகை உழைப்பு: நிண்டெண்டோ கேசட்டுகளை வெளிவந்த வரிசைப்படி ஒன்றுவிடாமல் பார்ப்பது. நன்றாக இருப்பதையும் மோசமானதையும் மட்டும் பேசினால் வரலாறு வராது, நடுவில் கிடக்கும் சாதாரணமானவற்றையும் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

இந்தத் தேடல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆலமகோர்டோ சாட்சி. 1982 கோடையில் ‘ஈ.டி.’ படத்தின் உரிமையைப் பெருந்தொகைக்கு வாங்கிய அட்டாரி, கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கேம் வேண்டும் என்றது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞர் தனியாளாக ஐந்து வாரத்தில் எழுதி முடித்தார். அதற்கு முன்னால் ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்ற அருமையான விளையாட்டைச் செய்தவர் அவர். ஈ.டி. தோல்வியடைந்தது. 1983 செப்டம்பரில் அட்டாரி லாரி லாரியாகச் சரக்கைக் கொண்டுவந்து ஆலமகோர்டோவின் குப்பைக் கிடங்கில் புதைத்தது. உலகத்தின் மிக மோசமான விளையாட்டைப் பாலைவனத்தில் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை முப்பது ஆண்டுகள் உலாவியது. நம்பியவர்களும் இருந்தார்கள், கட்டுக்கதை என்றவர்களும் இருந்தார்கள். ரோல்ஃப் இந்தக் கதையை வைத்தே ஒரு முழுநீளப் படம் எடுத்தார். ரசிகர்கள் இணையம் வழியாக அனுப்பிய மூன்று லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் எடுத்தது. வார்ஷாவே அதில் நடித்தார். படம் திரைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால், 2014 ஏப்ரல் 26 அன்று, ஓர் ஆவணப்படக் குழு தொல்லியலாளர்களோடு அந்தக் கிடங்கைத் தோண்டியது.

கேசட்டுகள் கிடைத்தன. சுமார் 1,300 வெளியே எடுக்கப்பட்டன. ஆனால் அவற்றில் ஈ.டி. ஒரு சிறு பங்குதான். ‘சென்டிபீட்’ போல நன்றாக விற்றவையும் கூடவே புதைந்திருந்தன. ஒரு மோசமான விளையாட்டை மறைப்பதற்காக நடந்த சடங்கு இல்லை அது. விழுந்துகொண்டிருந்த நிறுவனம் ஒரு கிடங்கைக் காலி செய்திருக்கிறது, அவ்வளவே. கட்டுக்கதையின் இடத்தில் ஒரு நிஜமான வணிக வரலாறு வந்து உட்கார்ந்தது. குப்பையில் கிடந்த ஈ.டி. கேசட் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உளவியல் ஆலோசகராகிவிட்ட வார்ஷாவின் பெயர் மேல் இருந்த பழியும் பெருமளவு கழிந்தது.

நினைவை நம்பலாமா என்ற கேள்வி கார்ட்டூன் தேடுபவர்களை இன்னும் கடுமையாகப் படுத்தியது. ‘செசமீ ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் 1970களின் பிற்பாதியில் ‘க்ராக்ஸ்’ என்றொரு குட்டி அனிமேஷன் வந்தது. மழைநாளில் படுக்கையில் கிடக்கும் ஒரு சிறுமி, சுவரின் விரிசல்கள் ஒட்டகமாகவும் குரங்காகவும் கோழியாகவும் மாறுவதைப் பார்க்கிறாள். பிறகு ஒரு பயங்கர முகமும் தோன்றுகிறது. சில தடவை ஒளிபரப்பி நிறுத்திவிட்டார்கள். பார்த்துப் பயந்த பிள்ளைகள் வளர்ந்து விவரித்தபோது பலரும் நம்பவில்லை. ஒருவரை ஒருவர் இணையத்தில் கண்டுபிடித்து, ஆமாம் எனக்கும் நினைவிருக்கிறது என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் தேடல் சூடுபிடித்தது. 2013-ல் அந்தப் படம் பொதுவெளிக்கு வந்தது. விரிசல்களும் ஒட்டகமும் அவர்கள் சொன்னபடியே இருந்தன.

நிண்டெண்டோ முறையாக விற்காத நாடுகளுக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வேறு தோலில் போய்ச் சேர்ந்தது. 1992 இறுதியில் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற நகல் இயந்திரம் விற்பனைக்கு வந்தது, சீனாவில் ‘சுபோர்’. இந்தியாவிலும் 1990களில் தைவான், சீன நகல்கள் ஃபேன்ஸி கடைகளின் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தன. தமிழ்நாட்டில் ‘கான்ட்ரா’வையும் மரியோவையும் பெரும்பாலோர் சந்தித்தது அப்படித்தான்: அமெரிக்காவில் அவை பழசாகிவிட்ட பிறகு, மஞ்சள் கேசட்டில், ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று மேலே அச்சடித்து, உள்ளே சில டஜன் விளையாட்டுகளையே கட்டம் மாற்றிப் பெயர் மாற்றி நிரப்பியிருந்த வடிவில். கையேடு கிடையாது, கதை தெரியாது, பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதே சட்டம். கார்ட்டூன் நெட்வொர்க் 1995-ல் இந்தியாவுக்கு வந்தது. 2007-ல் சுட்டி டிவி தொடங்கியபோது ‘டோரா’வும் ஜாக்கி சான் கார்ட்டூனும் முழுத் தமிழ் பேசின. அந்த ஜாக்கி சான் டப்பிங்கின் நக்கலும் வேகமும் மூலத்தில் இல்லாத ஒரு சுவை. இன்று சமூக ஊடகங்களில் சுற்றும் துண்டுகள் பார்வையாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தவை. அந்த வசனங்களை எழுதியவர்கள் யார், குரல் கொடுத்தவர்கள் யார் என்று முறையாகக் கேட்டு எழுதுவதற்கு இதுதான் நேரம். அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பேசினால் சொல்வார்கள்.

பழைய நினைவுக்கு மதிப்பு இருப்பதை நிறுவனங்களும் கவனித்தன. 2013-ல் ‘டக்டேல்ஸ்’ விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு வந்தது. கார்ட்டூனில் ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்த ஆலன் யங், 93 வயதில் அதற்காகத் திரும்ப ஒலிவாங்கி முன் நின்றார். 2017-ல் தொடங்கிய புதிய கார்ட்டூன் தொடரில், கேசட்டின் நிலவு மெட்டுக்கு வரிகள் எழுதித் தாலாட்டாக்கினார்கள். 2016-ல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியைக் குட்டியாக்கி 30 விளையாட்டுகளோடு விற்றபோது ஒரு வருடத்துக்குள் 20 லட்சத்துக்கு மேல் போயிற்று. 2022-ல் கொனாமி டர்ட்டில்ஸ் விளையாட்டுகள் 13-ஐத் தொகுத்து வெளியிட்டது; அந்த அணையும் அதில் உண்டு, இப்போது பின்னால் நகர்த்திச் சரிசெய்துகொள்ளும் வசதியோடு. ஒரு பக்கம் இதே மோகம் விலையை வானத்துக்கு ஏற்றியது: பிரிக்கப்படாத ‘சூப்பர் மரியோ 64’ கேசட் ஒன்று 2021 ஜூலையில் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. விளையாடுவதற்கென்று செய்த ஒன்றைப் பிளாஸ்டிக் உறையோடு பூட்டி வைக்கும் இந்த வியாபாரம், விளையாட்டின் நினைவுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இவையெல்லாம் புகழ்பெற்றவற்றின் கதை. மற்றவை? கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் சிஃபால்டி 2017-ல் தொடங்கிய வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்னால் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. ஒன்று பழைய இயந்திரத்தையும் கேசட்டையும் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நூலகத்துக்கு நேரில் போக வேண்டும், அதுவுமில்லை என்றால் திருட்டுப் பதிவு. விமர்சகர்களின் காணொளிகள் பல விளையாட்டுகளுக்கு இன்று கண்ணில் படும் ஒரே சான்றாக இருப்பது இதனால்தான். அந்தக் காணொளிகளும் நிம்மதியாக இருக்கவில்லை. 2013-ல் நிண்டெண்டோ தன் விளையாட்டுகளைக் காட்டும் காணொளிகளின் விளம்பர வருமானத்தைத் தனக்கென்று கோரியது. 2015 முதல் 2018 வரை ஒரு பங்குத் திட்டத்தையும் நடத்திப் பார்த்தது.

நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாக ஆடக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று சிஃபால்டியின் குழுவும் மற்றவர்களும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டார்கள். விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, 2025 ஜனவரியில், அறக்கட்டளை தன் மின்னூலகத்தைத் திறந்தது. பழைய விளையாட்டு இதழ்கள், விளம்பரக் கோப்புகள், வடிவமைப்பாளர்கள் கைப்பட எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் தேடிப் படிக்கலாம். அந்தத் தாள்கள் எந்த விளையாட்டுகளைப் பற்றியவையோ, அவற்றை ஆடிப்பார்க்க மட்டும் இன்னும் நேரில்தான் போக வேண்டும்.